பேராண்டி, அந்தப் பங்காளியைக் கொஞ்சம் கூப்பிடு

விடிஞ்சா பரீட்சை. நீ இன்னாடான்னா திண்ணையில குந்திக்கினு போன வருசத்துக் கேள்வித்தாளைப் போனுக்குக் காட்டிக்கினு இருக்கிற. காட்டினா அது பதிலைக் கொட்டுதாமே! மிரளாதே, உங்கப்பன்கிட்ட சொல்ல மாட்டேன். அவன் பாஸான கதை எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்துல மைக்ரோ ஜெராக்ஸ்னு ஒன்னு இருந்துச்சு. ஒரு செமஸ்டர் பாடத்தைத் தீப்பெட்டி அகலத்துக்குச் சுருக்கி, சட்டைக் கைமடிப்புல, பெல்ட்டுக்கு உள்ளாற, சாக்ஸுக்குள்ளன்னு சொருகிக்கினு போவான். பறக்கும் படை வருதுன்னு காத்துவாக்குல சேதி வந்தா, ஜன்னலுக்கு வெளியில முல்லைப்பூ கொட்டின மாதிரி பிட்டு கெடக்கும். அதுலயும் ஒரு நல்லது இருந்துச்சுடா. எந்தக் கேள்விக்கு எந்தப் பிட்டு, அது எந்தச் சாக்ஸுல இருக்குதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கணும். சின்ன எழுத்துல வெட்டி அடுக்கும்போதே பாதிப் பாடம் மண்டையில ஏறிடும். உனக்கு அந்தச் சிரமமும் இல்ல. திருட்டுத்தனத்துலயும் ஒரு உழைப்பு இருந்த காலம் மலையேறிப் போச்சு.

சரி, பக்கத்துல வா. அந்தப் போனையும் எடுத்துக்கினு வா. அதுக்குள்ள இருக்கிறவனுக்கும் நமக்கும் இன்னா உறவுன்னு சொல்றேன்.

தறி மேல பாரு, அட்டை தொங்குதே, ஜக்கார்டுப் பொட்டி. ஜக்கார்டுங்கிறது பொட்டி பேரு மட்டும் இல்ல, மனுசன் பேரு. பிரான்ஸ் தேசத்துல லியோன்னு ஒரு ஊரு. அதுவும் நம்ம காஞ்சிபுரம் மாதிரி பட்டு நெய்யிற ஊருதான். அங்க 1804ல அந்த ஆளு இதைக் கொண்டாந்தான். அட்டையில ஓட்டை இருந்தா இழை மேல போவும், இல்லன்னா கீழயே கெடக்கும். அவ்ளோதான் சூட்சுமம். மயிலும் யாளியும் அன்னமும் அந்த ஓட்டைக்குள்ளதான் குடியிருக்குது. 1830கள்ல பாபேஜ்னு ஒரு இங்கிலீஷ்காரன் இதைப் பார்த்துட்டு, பூ நெய்யிற அட்டையாலயே கணக்கும் போடலாமேன்னு யோசிச்சு ஒரு மெஷினுக்கு வரைபடம் போட்டான். கட்டி முடிக்கல. அதுக்கு முந்தின மெஷினுக்கு சர்க்கார்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டு அதையும் முடிக்கல. அட்வான்ஸ் வாங்கிக்கினு சேலை குடுக்காத ஆளு நம்ம பிள்ளையார்பாளையத்துல மட்டும்தான்னு நெனைச்சிருந்தேன், உலகம் பூரா இருக்கிறானுங்க. அப்புறம் 1890ல அமெரிக்காக்காரன் ஜனத்தொகை எண்ணுறதுக்கே ஓட்டை அட்டையை வெச்சுக்கினான். அந்த வம்சத்துல வந்ததுதான் உன் கம்ப்யூட்டரு, உன் போனு, அதுக்குள்ள பதில் கொட்டுற ஆசாமி. ஆக, அவன் எவனோ பெத்த புள்ள இல்ல. நெசவாளி வீட்டு வாரிசு. உனக்குப் பங்காளி முறை.

பங்காளியைப் பத்தி இன்னொன்னு சொல்றேன், தெருவுல போய்ச் சொல்லிடாதே. ஜக்கார்டு வர்றதுக்கு முன்னாடி எங்கப்பன் அடை கட்டி நெய்வாரு. மயில் வேணும்னா அந்த மயிலை நூலுலயே முடிச்சு முடிச்சாப் போட்டு வெச்சிருப்பாரு. பார்த்தா சிக்கு விழுந்த நூல் மாதிரி இருக்கும், இழுத்தா மயில் எழுந்து நிக்கும். எனக்கு அட்டை வந்துடுச்சு. ஓட்டை போட்டுக் குடுத்தானுங்க, நான் மிதிச்சேன், மயில் வந்துச்சு. சொகமா இருந்துச்சு. இன்னிக்கு எவனாச்சும் வந்து, "பெரியவரே, ஒரு அடை கட்டிக் காட்டுங்க"ன்னு கேட்டா, கண்ணு சரியாத் தெரியல தம்பின்னு சொல்லித் தப்பிச்சுக்கிறேன். கண்ணு நல்லாத்தான் தெரியுது.

அந்தப் பங்காளி பரீட்சை ஹாலுக்குள்ள மொதல்ல வந்தது உனக்குப் பிட்டு குடுக்கன்னு நெனைச்சுக்கினு இருக்கிறியா? இல்லடா. அவன் வாத்தியார் வேலைக்குத்தான் வந்தான். கொரோனாவுல காலேஜெல்லாம் மூடிக் கெடந்துச்சே, அப்ப அண்ணா பல்கலைக்கழகத்துல 2020 கடைசியில நடக்க வேண்டிய செமஸ்டர் பரீட்சையை 2021 பிப்ரவரியில வீட்டுல இருந்தபடியே ஆன்லைன்ல எழுதச் சொன்னாங்க. அண்ணா யாரு? 1909ல நம்ம ஊர்ல, நம்ம மாதிரி தறிக்கார வம்சத்துல பொறந்தவரு. அவரு பேரை வெச்ச பல்கலைக்கழகத்துல, நம்ம ஜக்கார்டு வம்சத்துப் பங்காளியைச் சூப்பர்வைசரா ஒக்கார வெச்சாங்க. பொருத்தம் பாரு! பையன் கண்ணு எங்க போவுது, தலை எந்தப் பக்கம் திரும்புது, பின்னாடி எதனா சத்தம் கேக்குதா, எல்லாத்தையும் கேமரா வழியா அவன் பார்த்துக்கினே இருப்பான்.

உங்க அக்கா படிச்சது வேற எடம், அங்கயும் இதே கேமராக் கூத்துதான். உனக்கு ஞாபகம் இருக்கும். அவ இந்த ரேழியில ஒரு ஸ்டூலைப் போட்டு, ரெண்டு தலகாணி மேல போனை நிக்க வெச்சு ஒக்காந்தா. உள்ள ரெண்டு தறி, பக்கத்து வீட்டுல மூணு, எதிர்ல ரெண்டு. டக்குடக்குன்னு சத்தம் கேட்டா அந்த மெஷினு யாரோ பதில் சொல்லித் தர்றாங்கன்னு நெனைச்சுக்குமாம். நான் போய் வீடு வீடா, "கொஞ்ச நேரம் நாடாவை நிறுத்துங்கப்பா, புள்ள பரீட்சை எழுதுது"ன்னு கெஞ்சிட்டு வந்தேன். சாவு விழுந்தாத்தான் நிக்கிற தறி, அன்னிக்கு உங்க அக்காவுக்காக நின்னுச்சு. அவ கைலாசநாதர் கோயில் நந்தி மாதிரி அசையாம ஒக்காந்திருந்தா. கொசு கடிச்சும் கையை எடுக்கல. உங்க பாட்டி மட்டும் மறந்துபோய், "அம்மாடி, காப்பி வேணுமா"ன்னு ஒரு கொரல் குடுத்துட்டா. அந்தக் காப்பிக்கு எத்தினி மார்க்குன்னு அந்த மெஷினுக்குத்தான் வெளிச்சம். முடிஞ்சப்புறம் எதிர்வீட்டுக்காரன் வந்து கேட்டான்: "பெரிப்பா, புள்ள பாடம் தெரிஞ்சு எழுதுச்சான்னு பார்த்தாங்களா, அசையாம இருந்துச்சான்னு பார்த்தாங்களா?" நான் இன்னா சொல்றது? அவன் அஞ்சாவது ஃபெயிலு. அவனுக்கு வந்த சந்தேகம் பெரிய படிப்பு படிச்சவங்க ஒருத்தருக்கும் வரலயே.

அண்ணா பல்கலைக்கழகத்து ரிசல்ட் வந்துச்சு. ஏகப்பட்ட பேரு ஃபெயிலு, ஏகப்பட்ட பேருக்கு ரிசல்ட்டையே நிறுத்தி வெச்சாங்க. "நாங்க ஒரு தப்பும் பண்ணலயே, சத்தம் கேட்டதுக்கும் தலை திரும்பினதுக்குமா தண்டனை"ன்னு புள்ளைங்க கூப்பாடு போட்டுச்சுங்க. மே மாசம் ஆட்சி மாறி உயர்கல்வி அமைச்சரா வந்த பொன்முடி, மறுபடியும் பரீட்சை வைக்கிறோம்னு அறிவிச்சாரு. இந்தத் தடவை பேனா, காகிதம், மூணு மணி நேரம். பங்காளியை வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் 2022 நவம்பர் கடைசியில சாட்ஜிபிடி வந்துச்சு. சூப்பர்வைசரா இருந்தவன் கட்சி மாறி, ஸ்டூடண்டு பக்கம் வந்துட்டான். நம்ம நாட்டுல கட்சி மாறுறதெல்லாம் ஒரு அதிசயமா?

பங்காளின்னா கோர்ட்டுக்குப் போவாம இருக்குமா? போச்சு. ஹரியானாவுல சோனிபட்னு ஒரு ஊரு, அங்க ஜிண்டால் பல்கலைக்கழகம். 2024ல சட்டம் படிக்கிற ஒரு பையன் எழுதின பதிலு 88 சதம் மெஷின் எழுதினதுன்னு சொல்லி ஃபெயில் ஆக்கினாங்க. அவன் சட்டம் படிச்ச புள்ளயாச்சே, விடுவானா? நேரா ஐகோர்ட்டுக்குப் போனான். மெஷினை வெச்சு எழுதக் கூடாதுன்னு உங்க விதியில எங்க இருக்குது, நான் மெஷினை வெச்சு எழுதினதுக்குச் சாட்சி யாருன்னு கேட்டான். சாட்சி யாரு? இன்னொரு மெஷினு! கடைசியில பல்கலைக்கழகமே அவனைப் பாஸ் பண்ணிட்டோம்னு சொல்லி, நவம்பர்ல கேஸ் முடிஞ்சு போச்சு. நெசமாவே அவன் எழுதினானா, பங்காளி எழுதினானாங்கிறது கடைசி வரைக்கும் தீரல.

இந்தச் சேதியெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்கிறியா? உங்க அக்கா லீவுக்கு வந்தப்ப, நான் பாவுல அறுந்த இழையைப் பிணைச்சுக்கினு இருக்க, அவ படிச்சுக் காட்டினா. இன்னும் கேளு. சாட்ஜிபிடியைப் பெத்த கம்பெனியே, எழுத்தைப் பார்த்து மெஷினா மனுசனான்னு சொல்ற கருவி ஒன்னு 2023 ஜனவரியில விட்டுச்சு. மெஷின் எழுதினது நூறு இருந்தா 26ஐத்தான் புடிச்சுதாம். மனுசன் எழுதினதுல நூத்துக்கு ஒம்போதை மெஷின் எழுதினதுன்னு வேற சொல்லுச்சாம். ஜூலையில மூட்டை கட்டிட்டாங்க. பெத்தவனுக்கே புள்ளை அடையாளம் தெரியலடா! அதே வருசம் அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல பார்த்தாங்க. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க எழுதின 91 கட்டுரையை ஏழு கருவிகிட்ட குடுத்தா, சராசரியா அறுபது சதத்துக்கு மேல மெஷின் எழுதினதுன்னு சொல்லிடுச்சு. எல்லாம் கையால எழுதினது. அதாவது, நம்ம ஊர்ல எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு, கிராமர் தப்பு வந்துடுமோன்னு பயந்து, தெரிஞ்ச நாலு வார்த்தையையே திருப்பித் திருப்பிப் போட்டு எழுதுறாளே ஒரு புள்ள, அவளை மெஷினுன்னு சொல்லும். இங்கிலாந்துல ரீடிங்னு ஒரு பல்கலைக்கழகத்துல 33 பொய் மாணவனுங்க பேர்ல மெஷின் எழுதின பதிலை உள்ளாற சொருகினாங்க. 2024ல அது வெளியில வந்துச்சு. 94 சதம் ஒரு வாத்தியார் கண்ணுலயும் படல. மார்க்கும் நெசப் புள்ளைங்களை விட ஜாஸ்தி.

இதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. காந்தி ரோட்டுல இருக்கிற கடைங்களுக்குப் போய்ப் பாரு. மெட்ராஸ்ல இருந்து கார் போட்டு வர்ற அம்மா சேலையை விரிச்சுப் பார்த்து, தடவிப் பார்த்து, மோந்துகூடப் பார்க்கும். கைத்தறியா பவர்லூமான்னு அதுக்குத் தெரியாது. முன்பக்கம் பார்த்தா எவனுக்கும் தெரியாது. கரை வெச்ச சேலை மாதிரி சில ரகத்தைக் கைத்தறியில மட்டும்தான் நெய்யணும்னு 1985லயே சட்டம் போட்டாங்க. சட்டமும் இருக்குது, பவர்லூமும் இருக்குது, ரெண்டும் ஒன்னையொன்னு பார்த்தா வணக்கம் சொல்லிக்கும். நான் பார்த்தாத் தெரியும். எப்படி? திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். கோர்வை போட்ட சேலைன்னா ஒடம்பு ஒரு நாடா, ரெண்டு கரைக்கு ரெண்டு நாடா. ஒரு பக்கம் நான், மறுபக்கம் கரை வாங்குற பையன். ஒடம்பும் கரையும் கைகோர்க்கிற எடத்துல பின்னாடி பல்லு பல்லாத் தெரியும். ஒழுங்கா இருக்காது. பையன் தூங்கி வழிஞ்ச எடம், நான் பீடிக்கு எழுந்து போன எடம், உங்க பாட்டியோட சண்டை போட்ட நாளு, எல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கும். இன்னும் சந்தேகம்னா ஒரு இழை உருவிக் கொளுத்து. பட்டுன்னா மயிர் கருகின வாசனை வரும், சாம்பல் வெரல்ல பொடியும்.

உங்க காலேஜுல முன்பக்கம் மட்டும் பார்க்கிறாங்க. அழகா இருக்குதா, 16 மார்க்கு. அப்புறம் அதையே இன்னொரு மெஷின்ல போட்டு, இது கைத்தறியா பவர்லூமான்னு பவர்லூமைக் கேக்குறாங்க. ஏண்டா, பையனை முன்னாடி ஒக்கார வெச்சு, "தம்பி, மூணாவது பக்கத்துல இப்படி எழுதியிருக்கிறியே, ஏன்?"னு கேட்டா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சுடுமே. ஒரு வாத்தியாருக்கு அறுபது, எழுபது புள்ள, எங்க நேரம்னு சொல்லுவாங்க. அதுவும் நெசந்தான். நேரம் இருக்கிற எடத்துல மட்டும் இன்னா வாழுது? ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து வாங்கிட்டு வந்த ப்ராஜெக்டுக்கு வைவா வெச்சு, "பைண்டிங் நல்லா இருக்குது"ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்புனவங்க இல்லயா? 2018ல காசு வாங்கிக்கினு மறுமதிப்பீட்டுல மார்க் ஏத்தினாங்கன்னு லஞ்ச ஒழிப்புத் துறை கேஸ் போட்டுச்சே, அப்ப எந்த சாட்ஜிபிடி இருந்துச்சு? பாவம், எல்லாப் பழியையும் இப்ப நம்ம பங்காளி தலையில கட்டுறாங்க.

நம்ம ஜில்லாவுலயே இதுக்கு வழி எழுதி வெச்சிருக்கிறான். உத்திரமேரூர் கோயில் சுவத்துல இருக்குது, ஆயிரத்து நூறு வருசம் ஆச்சு. பராந்தக சோழன் காலம், 919ல ஒன்னு, 921ல ஒன்னு. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கிற கதை. பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடு. குடத்தை ஊரே பார்க்கத் தூக்கிக் காட்டு. உள்ளாற இன்னா இருக்குதுன்னு தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஓலையை எடுக்கச் சொல்லு. கேமராவும் இல்ல, மெஷினும் இல்ல, ஊருக் கண்ணு ஒன்னுதான். கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது. இதெல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க. எனக்குப் புடிச்சது வேற. நிக்கிறவனுக்கு வேதம் தெரிஞ்சா மட்டும் போதாது, அடுத்தவனுக்குச் சொல்லிக் குடுக்கவும் தெரியணும்னு அதுல ஒரு விதி இருக்குது. இந்த விதியை உங்க காலேஜுல போட்டா எத்தினி பேரு தேறுவாங்க? நான் பையனுங்களை மட்டும் சொல்லல.

சீனாக்காரன் வேற மாதிரி பண்ணான். 2025 ஜூன்ல பெரிய நுழைவுத் தேர்வு நடந்தப்ப, கேள்வித்தாளைப் படம் புடிச்சுப் போட்டா பதில் சொல்ற வேலையையே அங்க இருக்கிற கம்பெனிங்க நிறுத்தி வெச்சாங்க. புள்ளைக்குப் பரீட்சைன்னு நான் தறியை நிறுத்தினேனே, அந்த மாதிரி அவன் மெஷினையே நிறுத்திட்டான். கொரியாவுல அதே வருசம் நடந்தது இன்னும் வேடிக்கை. யோன்செய்னு பேர் போன பல்கலைக்கழகம். ஆன்லைன் பரீட்சையில ஏகப்பட்ட பேரு மெஷினை வெச்சு எழுதிட்டாங்கன்னு ரகளை. எந்தப் பாடம்? சாட்ஜிபிடி பத்தின பாடம்! அதுல தப்பு இன்னா இருக்குதுங்கிறேன். அவனைப் பத்தி அவன்கிட்டயே கேக்குறதுதானே மரியாதை?

சரி, உனக்கு யோசனை சொல்றேன்னு கூப்பிட்டேன், ஊர்க்கதை பேசிக்கினு இருக்கிறேன். நீ பங்காளியை வெச்சுக்கோடா, வேணாங்கல. ஆனா அவனைக் கரை வாங்குற பையனா ஒக்கார வெச்சுக்கோ. நடு நாடா உன் கையில இருக்கட்டும். "பதில் சொல்லு"ன்னு அவனைக் கேக்காதே. "என்னைக் கேள்வி கேளுடா, நான் தப்பாச் சொன்னா எங்க தப்புன்னு காட்டு"ன்னு சொல்லு. அவனுக்குத் தூக்கம் வராது, பீடி கேக்க மாட்டான், உங்க பாட்டி மாதிரி காப்பி வேணுமான்னும் கேக்க மாட்டான். ராத்திரி பூரா கேள்வி கேப்பான். அவன் சொல்றதையும் அப்படியே நம்பிடாதே, நல்லா அடிச்சு விடுறான். அன்னிக்கு நம்ம தெருவைப் பத்தி உங்க அக்கா கேட்டதுக்கு, இங்க இல்லாத ஒரு கோயிலைக் கட்டிக் கும்பாபிஷேகமும் பண்ணி வெச்சுட்டான். அவ்ளோ பணிவா, அவ்ளோ தெளிவாப் பொய் சொல்ற ஆளை நான் கல்யாணத் தரகன்லகூடப் பார்த்ததில்ல.

இல்ல தாத்தா, எனக்குப் படிப்பே வராதுன்னா அதுக்கும் நம்ம ஊர்ல முன்னோடி இருக்கிறான். கர்நாடகத்துல இருந்து மயூரசர்மன்னு ஒருத்தன், காஞ்சிக் கடிகையில படிக்கணும்னு வந்தான். கடிகைன்னா அந்தக் காலத்து யுனிவர்சிட்டி. வந்த எடத்துல பல்லவன் குதிரைக்காரனோட தகராறு. படிப்பை அப்படியே போட்டுட்டுப் போனான். போய்ச் சும்மா இருந்தானா? பல்லவனையே எதிர்த்துக் கதம்ப ராஜ்ஜியத்தை ஆரம்பிச்சான். தாளகுண்டாங்கிற ஊர்ல கல்தூண்ல பொறிச்சு வெச்சிருக்குது. அவனும் அரியர் வெச்சவன்தான். ஆனா உனக்குக் குதிரை ஏறத் தெரியாதே, பல்சர்ல பின்னாடிதானே ஒக்காந்து போற.

அரியர்னதும் மூஞ்சி ஏன் சுண்டுது? எனக்குத் தெரியும்டா, அந்த எம்-த்ரீ கணக்குப் பேப்பர் மூணாவது தடவை. 2020 கொரோனாவுல சொன்ன மாதிரி, அரியருக்குப் பரீட்சைப் பணம் கட்டினவனெல்லாம் பாஸுன்னு எவனாச்சும் அறிவிப்பான்னு காத்துக்கினு இருக்காதே. அன்னிக்குச் சுவரெல்லாம் போஸ்டரு ஒட்டி முதலமைச்சரைக் கும்புட்டாங்க, அப்புறம் ஐகோர்ட்டு ஒத்துக்கல, பரீட்சை வைக்கத்தான் வேண்டியிருந்துச்சு. வரதராஜப் பெருமாள் கோயில் கொளத்துக்குள்ள அத்தி வரதர் நாப்பது வருசம் தண்ணியில படுத்திருந்துட்டு 2019ல எழுந்தாரு. 48 நாளு தரிசனம் குடுத்துட்டு மறுபடியும் உள்ள போயிட்டாரு. இனிமே 2059லதான் வருவாரு. உன் எம்-த்ரீயும் அவரு மாதிரி முங்கி முங்கி எழுந்துக்கினு இருக்குது. அவரு அடுத்த தடவை வெளியில வர்றதுக்குள்ளயாச்சும் அதை முடிச்சுடு.

இன்னாடா, மறுபடியும் போனை எடுக்கிற? 2059க்கு இன்னும் எத்தினி வருசம்னு கணக்குப் போடவா?